குனியக் கூடாதாம்

நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. வீடுன்னு ஒண்ணு இருந்தா, குனியாம அங்க என்ன வேலை நடக்கும்? கூட்டணும்னா குனியணும். துவைக்கணும்னா குனியணும். குடம் தூக்க, கோலம் போட, கீழ விழுந்த கரண்டிய எடுக்க, எதுக்குத்தான் குனிய வேண்டாம்? எங்க வீட்டுல ஒருத்தி குனியக் கூடாதாம். சொல்லிட்டாங்களாம்.

நீங்க தென்காசியா? சரி சரி. நான் கடையநல்லூர். எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். அக்காகிட்டச் சொல்லி ஆத்திக்கலாம்னுதான் கிளம்பினேன். ஆனா அதுவரைக்கும் நெஞ்சுக்குள்ள வச்சிருக்க முடியலை. சிவகிரி கூடத் தாண்டலை, அதுக்குள்ள கொதிக்குது. நான் கோவக்காரன் இல்லை அண்ணாச்சி. ராஜபாளையத்துல சிமெண்டு, கம்பி, ஆணி வியாபாரம். சுப்புராம் கடைன்னு யாரை வேணா கேட்டுப் பாருங்க. கடையில ஒருத்தரை நான் அதட்டிப் பேசினதில்லை.

போன தை மாசம். காலையில பேப்பர் பார்த்துக்கிட்டு இருக்கேன். காப்பி வரலை. கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். வடிவு, வடிவுன்னு. வடிவுதான் எங்க வீட்டம்மா பேரு. பதில் இல்லைன்னதும் எனக்கு என்ன தோணும்? முந்தின நாள் அவ தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டாம்னு சொல்லியிருந்தேன். அதுக்குத்தான் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான்னு நெனச்சேன். பேப்பரை முடிச்சிட்டு எழுந்து போய்ப் பார்த்தா, அடுப்பங்கரையில தவழுற பிள்ளை மாதிரி கையும் முட்டியும் ஊனிக் கிடக்கா. பக்கத்துல தண்ணி வாளி கவிழ்ந்து கிடக்கு. தரையெல்லாம் தண்ணி. "என்னடி இது?"ன்னேன். தலையத் தூக்காமலே, "பிடிச்சுக்கிச்சுங்க"ன்னா. "எப்ப?"ன்னேன். "நீங்க முதல்ல கூப்பிடுறதுக்கு முன்னாடி"ன்னா. அப்ப ஒரு சத்தம் குடுத்திருக்கலாமில்ல? அதுதான் அவ. வாயத் திறந்து சொல்ல மாட்டா. அப்புறம் மத்தவங்க முன்னாடி நான் கல்லுன்னு பேராகும்.

தைலம் தேய்ச்சோம். கேக்கலை. எலும்பு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். கடையப் பூட்டிட்டுப் போனேன் அண்ணாச்சி, ஊரெல்லாம் வீடு கட்டுற சீசன்ல. அவரு படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு, எலும்பு நல்லாத்தான் இருக்கு, ஜவ்வு பிதுங்கியிருக்குன்னாரு. ஆபரேசன் எல்லாம் வேண்டாமாம். ஆனா பல வருசமா முதுகத் தப்பா வளைச்சே வேலை செஞ்சிருக்காங்க, அதை மாத்தலைன்னா திரும்பத் திரும்ப வரும்னு சொல்லி, பிசியோதெரபி பார்க்குற ஒரு பொண்ணுகிட்ட அனுப்பி வச்சாரு. ரெக்ஸ்லின்னு பேரு. அங்க பிடிச்சது சனியன்.

மொதல் பத்துப் பதினஞ்சு நாள் வீட்டுக்கே வந்தா அந்தப் பொண்ணு. காலை நீட்டு, மடக்குன்னு ஏதோ பயிற்சி. அது வரைக்கும் நான் வாயே திறக்கலை. வடிவு எழுந்து நடமாட ஆரம்பிச்ச பின்னாடி, "அக்கா, நீங்க தினமும் எப்படி வேலை செய்வீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க"ன்னு ஆரம்பிச்சா பாருங்க. இவ வாரியலை எடுத்துக் குனிஞ்சு கூட்டிக் காட்டுறா. அடுப்பு முன்னாடி நின்னு காட்டுறா. துவைக்கிற கல்லுல நின்னு காட்டுறா. அந்தப் பொண்ணு கூடவே சுத்தி வந்து பார்க்குது. ஏதோ வீடு விலைக்கு வாங்க வந்தவ மாதிரி. பார்த்துட்டு, "இந்த அடுப்பு மேடை யாரு உயரத்துக்குக் கட்டினது?"ன்னு கேட்டுச்சு.

எங்க அம்மா உயரத்துக்குக் கட்டினது. வேற யாரு உயரத்துக்குக் கட்டுவாங்க? வீடு கட்டும்போது எங்க அம்மாதான் சமையல். அம்மா குள்ளம். மகராசி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருசம் ஆச்சு, அதுக்காக இடிக்கவா முடியும்? வடிவு கொஞ்சம் வாட்டசாட்டமான ஆளு. பெருசா ஒண்ணும் இல்லை, என் உயரம்தான் இருப்பா. அந்தப் பொண்ணு சொல்லுது, "சார், அக்கா இந்த மேடையில நிக்கணும்னா பாதி மடிஞ்சுதான் நிக்கணும். அடுப்பை உயர்த்துங்க. வாரியலுக்கு நீளமா கைப்பிடி போடுங்க. குடத்தை இடுப்புல வைக்காதீங்க, வாளியில பாதிப் பாதியா எடுங்க. எடுக்கும்போது முட்டிய மடக்கி உக்காந்து, வாளிய வயித்தோட ஒட்டிப் பிடிச்சு, காலாலதான் எந்திரிக்கணும், முதுகால இல்லை."

நான் சொன்னேன், "அம்மா, இது எனக்குத் தெரியாதா? என் கடை லோடுமேன் ஒவ்வொருத்தனுக்கும் மூட்டை தூக்க நானே சொல்லிக் குடுத்திருக்கேன். மூட்டைய நெஞ்சோட அணைச்சுத் தூக்குடா, திரும்பும்போது காலத் திருப்புடா, இடுப்பத் திருக்காதடான்னு. ஒருத்தன் இடுப்புல கை வச்சு உக்காந்ததில்லை என் கடையில"ன்னு. நெசந்தான் அண்ணாச்சி. உங்களுக்கும் சொல்றேன், கனமா எதையும் தள்ளி நின்னு எட்டித் தூக்காதீங்க. அந்தப் பொண்ணு என்னையே பார்த்துச்சு. "அக்காவுக்குச் சொன்னதில்லையா சார்?"னு கேட்டுச்சு. அவ என்ன லோடுமேனா? கட்டின பொண்டாட்டி. கேக்குற கேள்வியப் பாருங்க.

சரி, அது வேலைக்கு வந்த பொண்ணு, சொல்லிட்டுப் போவுதுன்னு விட்டேன். இவ விடலையே. மேடைய இடிக்க முடியாதுன்னு நான் கண்டிசனாச் சொல்லிட்டேன். எங்க அம்மா நின்ன இடம். ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தா, மேடை மேல செங்கல் வச்சுக் கட்டி, பூசி, பளபளன்னு இருக்கு. கொத்தனாரைக் கூப்பிட்டது இவ. சிமெண்டு எங்க இருந்து வந்ததுன்னு நெனைக்கீங்க? என் கடையில இருந்து! என் லோடுமேன் இசக்கியே தோள்ல வச்சுக் கொண்டாந்து இறக்கியிருக்கான். "அக்கா கேட்டாங்க மொதலாளி"ங்கான். ஒரு மொதலாளிக்கு இதைவிட என்ன கேவலம் வேணும்?

அப்புறம் ஒவ்வொண்ணா ஆரம்பிச்சது. தரையில உக்காந்து அரிவாள்மணையில காய் அரிய மாட்டா, மேசையில கத்தி வச்சுத்தான். டிவி பார்த்தா முதுகுக்கு ஒரு தலகாணி. படுக்கையில இருந்து எந்திரிக்கிறதுக்கு ஒரு முறை. அப்படியே விருட்டுன்னு எந்திரிக்கக் கூடாதாம், ஒருக்களிச்சு, கைய ஊனி, காலைக் கீழ போட்டுத்தான் எந்திரிக்கணுமாம். நான் சாப்பிட்ட தட்டை நான்தான் எடுத்துட்டுப் போய் மேடையில வைக்கணும். "குனியக் கூடாதுங்க"ம்பா. நின்னுக்கிட்டே இருந்தா ஒரு காலைச் சின்னப் பலகை மேல வச்சு மாத்தி மாத்தி நிப்பா, கொக்கு மாதிரி. தோளை விரிச்சு, தலைய நிமித்தி நடக்கா. வீட்டுக்குள்ள அண்ணாச்சி, வீட்டுக்குள்ள! யாரைப் பார்த்து நிமிர்ந்து நடக்கணும் வீட்டுக்குள்ள?

வலி போயிருச்சான்னு கேக்கீங்க. போயிருச்சு. அதைத்தானே சொல்ல வர்றேன். வலி போனதுக்கு அப்புறமும் நிமிர்ந்தே இருந்தா?

ஒருநாள் காலையில மாடிக்குப் போனேன், தண்ணித் தொட்டி பார்க்க. இவ துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கா. கொடிய ஒசரக் கட்டியிருக்கா, அவ உயரத்துக்கு. வாளிய ஒரு நாற்காலி மேல வச்சு, ஒவ்வொண்ணா எடுத்து உதறிப் போடுறா. வாய்க்குள்ள ஏதோ பாடிக்கிட்டு இருக்கா. நான் அப்படியே நின்னுட்டேன். இத்தனை வருசத்துல அவ பாடி நான் கேட்டதில்லை. நல்லாத்தான் பாடினா, அதை நான் இல்லைங்கலை. என்னைப் பார்த்ததும் நிறுத்திட்டா. "எதுக்கு நிறுத்துற?"ன்னு கேக்கலாம்னுதான் வாயத் திறந்தேன். "தொட்டி நிறைஞ்சு வழியுது, மோட்டாரை நிறுத்தத் தெரியாதா?"ன்னு வந்துருச்சு. வழியத்தான் செஞ்சது.

இப்ப விசயத்துக்கு வர்றேன். போன வாரம் எங்க அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபத்துல ஊரே கூடியிருக்கு. என் சம்பந்தி வீட்டுக்காரங்க, வியாபாரத்துல உள்ளவங்க, சங்கத்துக்காரங்க, எல்லாரும். அண்ணன் மதினி காலில எல்லாரும் விழுந்து கும்பிட்டாங்க. இவளும் கும்பிட்டா. அதுல குறை சொல்ல மாட்டேன். முட்டி போட்டு, கைய ஊனி, முறைப்படி கும்பிட்டு, முறைப்படி எந்திரிச்சா. மதினிக்குக் கண்ணு கலங்கிருச்சு. அதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு.

அப்புறம் குடும்ப போட்டோ. அண்ணனும் மதினியும் நடுவுல நாற்காலியில. நாங்க பின்னாடி. நானும் வடிவும் பக்கத்துல பக்கத்துல. போட்டோ எடுக்குற பையன் கேமராவுல பார்க்கான், கைய ஆட்டுறான், திரும்பப் பார்க்கான். அவகிட்ட மெதுவா, "கொஞ்சம் குனி"ன்னேன். எப்பவும் சொல்லாமலே செய்வா. கோயில், கல்யாணம், எங்க போனாலும் என் பக்கத்துல வந்தா தோளு தானா இறங்கிரும். கழுத்து ஒரு பக்கமா சாயும். அது ஒரு அடக்கம் அண்ணாச்சி, பார்க்கவே நல்லா இருக்கும். அன்னைக்கு அப்படியே நிக்கா. "குனியக் கூடாதுங்க"ங்கா. சிரிச்சுக்கிட்டே, கேமராவைப் பார்த்துக்கிட்டே.

அந்தப் பையன் கேமராவை இறக்கிட்டு, மண்டபம் பூரா கேக்குற மாதிரி கத்துறான்: "அந்த உயரமான அக்கா பக்கத்துல நிக்கிற சார்! ஆமா, நீங்கதான் சார்! அந்த மணைப்பலகையப் போட்டு ஏறி நின்னுக்கோங்க!"

மணைப்பலகை. அண்ணனும் மதினியும் உக்காந்து எந்திரிச்ச மணை. எவனோ சிரிச்சான். அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணன் கூடத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சாரு. நான் ஏறலை. என்னைக் கொன்னாலும் ஏற மாட்டேன். அப்படியே நின்னேன். எடுத்தான்.

வித்தியாசம் ஒண்ணும் பெருசா இல்லை அண்ணாச்சி. ரெண்டு விரக்கடை இருக்கும். அவ கொண்டை வேற போட்டிருந்தா. பூ வேற. அது போட்டோவுல கூடத் தெரியும். போட்டோவுல பார்த்தா என் தலை அவ காதுக்கு வருது, ஆனா அது எடுத்த கோணம். நான் பெருவிரல்ல எக்கி நின்னேன்னு அண்ணன் மகன் குரூப்புல எழுதியிருக்கான். பொய். சுத்தப் பொய். ராத்திரி பூரா கெண்டைக்கால் வலிச்சது, அது வேற விசயம்.

பெங்களூர்ல இருந்து என் மக போன் போட்டா. "அம்மாவா அது? எவ்வளவு அழகா நிக்கிறாங்கப்பா! அம்மா இவ்வளவு உயரம்னு எனக்கே தெரியாது"ங்கா. பெத்த மக பேசுற பேச்சா? "அப்பாவப் பத்தி ஒண்ணும் சொல்லலையே"ன்னேன். "நீங்க எப்பவும் போலத்தான் இருக்கீங்கப்பா"ன்னா.

மறுநாள் வண்டிய எடுத்துக்கிட்டு நேரா ரெக்ஸ்லின் இருக்குற இடத்துக்குப் போனேன். உள்ள யாரோ ஒரு அம்மா படுத்திருந்தாங்க. நான் பார்க்கலை. வாசல்ல நின்னே சத்தம் போட்டேன். "என்ன பொண்ணு நீ? ஒரு குடும்பத்துக்குள்ள வந்து குனியாதே குனியாதேன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போயிட்டே. ஒரு போட்டோவுக்கு, ஒரே ஒரு நிமிசம் கழுத்தைச் சாய்ச்சா ஜவ்வு பிஞ்சா போயிரும்?"னு கேட்டேன்.

அது பயப்படலை அண்ணாச்சி. அந்த அம்மா மேல போர்வைய இழுத்து விட்டுட்டு வெளிய வந்துச்சு. "ஒரு நிமிசம் சாய்ச்சா ஒண்ணும் ஆகாது சார்"னுச்சு. "குனியவே கூடாதுன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எதுக்குக் குனியணும், எப்படிக் குனியணும்னுதான் சொல்லிக் குடுப்பேன். அக்காவுக்கு இப்ப முதுகு நல்லா பலமாயிருச்சு. எல்லாம் செய்யலாம். மூணு வாரம் முன்னாடியே அவங்ககிட்டச் சொல்லிட்டேனே."

பார்த்தீங்களா! மூணு வாரம் முன்னாடியே! எனக்கு அப்ப வந்த சந்தோசம் இருக்கே, கையும் களவுமாப் பிடிச்சாச்சுன்னு பறந்துக்கிட்டு வந்தேன் வீட்டுக்கு. சிக்னல்ல கூட நிக்கலை. இவ மேடையில தேங்காய் துருவிக்கிட்டு இருந்தா. அந்தப் புது மேடையில. "ஏய், அந்தப் பொண்ணு ஒரு நிமிசம் குனிஞ்சா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுது. உன்கிட்டயே சொல்லிட்டேங்குது"ன்னேன்.

கழுத்தை மட்டும் திருப்ப மாட்டா இப்பெல்லாம். காலை எடுத்து வச்சு, உடம்போட முழுசாத் திரும்பினா. "தெரியும்"ன்னா.

"தெரியுமா? தெரிஞ்சேதான் குனியலையா?"

"ஆமா."

அவ்வளவுதான். ஆமாவாம். ஒரு சண்டை போட்டா நானும் போடலாம். அழுதா நானும் சமாதானம் சொல்லலாம். ஆமான்னு சொல்லிட்டு நிக்கிறவகிட்ட என்ன பேச? "எத்தனை பேரு முன்னாடி என்னை அவமானப்படுத்திட்டே தெரியுமா"ன்னு கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்துச்சு. திறக்கட்டும்னு கத்தினேன். எல்லாம் கத்தி முடிக்கிற வரைக்கும் கையில தேங்காய் மூடியோட நின்னா. அப்புறம் சொல்றா, "நம்ம கல்யாண ஆல்பத்தை என்னைக்காவது எடுத்துப் பார்த்திருக்கீங்களா? ஒரு போட்டோவுலயும் என் முகம் இல்லை. வகிடுதான் தெரியும். அத்தை பின்னாடி நின்னு என் பிடரிய அழுத்திக்கிட்டே இருந்தாங்க. விரல் பதிஞ்சு மறுநாள் வரைக்கும் வலிச்சது. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

எங்க அம்மா கை அது அண்ணாச்சி! மருமகளை ஆசீர்வாதம் பண்ணின கை! அதைப் போய் அழுத்தினாங்கன்னு சொல்ல ஒருத்திக்கு எப்படி மனசு வரும்? செத்துப் போன மனுசியை! நான் பக்கத்துல நின்னேன், இல்லைங்கலை. கல்யாண மாப்பிள்ளை வேற எங்க போய் நிப்பான்? அம்மா என்கிட்டச் சொல்லத்தான் செஞ்சா, பொண்ணு கொஞ்சம் நெட்டை, நான் பார்த்துக்கிடுதேன், நீ கவலைப்படாதேன்னு. என் மானத்துக்காகச் செஞ்சது. பெத்தவ செய்ய மாட்டாளா?

"இனிமே இந்த வீட்டுல நீ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்"ன்னு சொல்லிட்டேன். கோவத்துல வர்ற வார்த்தைதானே. "நீ போ"ன்னா சொன்னேன்? பொதுவாத்தான் சொன்னேன். ஒரு பொம்பளை என்ன செய்யணும்? வேண்டாங்க, போகாதீங்கன்னு ஒரு வார்த்தை. அதானே மொறை? இவ உள்ள போயிட்டா. சரி, அழப் போறான்னு நெனச்சேன். என் சட்டை, வேட்டி, துண்டு, பிரஷர் மாத்திரை எல்லாம் மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு வந்து நிக்கா. "கடையநல்லூர் மதினி வீட்டுக்குத்தானே போவீங்க? மாத்திரையச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க. பஸ்ஸுல நல்லாச் சாய்ஞ்சு உக்காருங்க, பின்பாக்கெட்டுல பர்ஸை வச்சுக்கிட்டு ஒருச்சாய்ச்சு உக்காராதீங்க. அப்புறம் இடுப்பு வலிக்குதும்பீங்க."

இதுல அக்கறை வேற.

வாசல் வரைக்கும் வந்தா. நான் தெருமுனை திரும்புற வரைக்கும் நின்னா. திரும்பிப் பார்த்தேன், அதனாலதான் தெரியும். எப்ப வருவீங்கன்னு கேக்கலை அண்ணாச்சி. கேக்கவே இல்லை. கேட்டிருந்தா ரெண்டு நாள்ல வந்துருவேன்னு சொல்லியிருப்பேன். கடையும் இருக்கே. இப்ப நானா எப்படிப் போறது? நீங்களே சொல்லுங்க. போய்க் கதவைத் தட்டினா திறப்பா. திறந்து எதுத்தாப்புல நிப்பா. நான் அண்ணாந்து...

என்ன? கடையநல்லூர் வந்துருச்சா? பேசிக்கிட்டே வந்ததுல தெரியலை. கண்டக்டர், ஆளு இறங்கணும்! இருப்பா, ஒரு நிமிசம். எதுக்கு இந்த அவசரம் இவனுகளுக்கு?

அண்ணாச்சி, ஒரு உதவி. மேல இருக்குற அந்தப் பைய மட்டும் எடுத்துக் குடுங்க. இல்லை இல்லை, எனக்கு எட்டும். எட்டாம இல்லை. பஸ் ஆடுதுல்ல, அதுக்குத்தான்.